தீப்பெட்டிக்குள் புதுத் துகள்

"மறுபடியும் புதுத் துகள்," என்றான் அருள்நாதன்.

பின்னறைச் சுவரில் இருநூறு தீப்பெட்டிகள் வரிசையாக ஒட்டியிருந்தன. தானே கற்றுக்கொள்ளும்படி அவன் செய்த இயந்திரம் அது. ஒவ்வொரு பெட்டியின் மேலும் ஒரு கோட்டுப்படம், உள்ளே அரிசியும் மைசூர்ப் பருப்பும். அணுத்துகள்களின் தடங்களைப் புகைப்படங்களாக மெட்ராஸ் பேராசிரியர் பக்தவத்சலம் அனுப்புவார். படத்துக்குப் பொருந்தும் பெட்டியில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு மணி எடுக்க வேண்டும். அரிசி வந்தால் தெரிந்த துகள்; பருப்பு வந்தால் புதுசு. பதில் சரியென்றால் அதே தானியம் ஒரு சிட்டிகை கூடும், தப்பென்றால் குறையும். இதற்கென்று கேட்டிருந்த கண்ணாடி மணிகள் கப்பலோடு தாமதமாகவே, வீட்டு ராஷனைக் கொட்டியிருந்தான்.

இயந்திரம் தேறினால் மெட்ராஸில் வேலை. இந்தத் தீவில் வாத்தியார் வேலைக்குத் தினமும் ஏறும் பாம்பூஃப்ளாட் படகையும் பள்ளிக்கூட மணியையும் மறந்துவிடலாம்.

போன வாரம் வரை நன்றாகத்தான் கற்றது. இப்போது சாதாரண எலக்ட்ரானைக் காட்டினாலும் பருப்பு.

"பசங்க கை வெச்சிருக்கும்," என்று அறையைப் பூட்டிச் சாவியை மனைவி ரோசலினிடம் கொடுத்தான். இரண்டு நாளில் பாதிப் படங்கள் புதுசாகிவிட்டன.

"ரோசி, ரெண்டு பிடி அரிசி குடு. இதுக்கு மறதி வந்திருச்சு."

"அரிசிக்கு எங்க போக? ராஷன் கடைல பருப்புதான் இருக்கு. மெட்ராஸ்லேர்ந்து ஜஹாஜ் கரை சேந்தாத்தான் அரிசி. கஞ்சி ஆறுது, குடிங்க."

குடித்தான். வயிறு நிறைந்ததும் மனம் தெளிந்தது. ஒருவேளை இயந்திரம் சொல்வதுதான் சரியோ? இவ்வளவு நாள் தப்பாகப் பார்த்தது தன் கண்தானோ?

கடையில் பருப்புக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு 'புதுசு'க்கும் ஒரு சிட்டிகை பரிசளித்தான். வார முடிவில் எல்லாப் படமும் புதுசு. பேராசிரியருக்குத் தந்தி அடித்தான்.

பதில் வந்தது: "அடுத்த கப்பலில் வருகிறேன். வேலை உறுதி. இயந்திரத்தை யாரும் தொட வேண்டாம்."

இரண்டு முறை உரக்கப் படித்தான். ரோசலின் பின்னறைச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"மெயின்லேண்ட் போறோம்டி. சந்தோஷமில்லையா?"

"அதுவரைக்கும் சோறு ஆக்கணுமே," என்றாள்.

அப்போது பக்கத்து வீட்டு ஜன்னத் பீவி, கையில் சல்லடையோடு கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"ரோசலின், மேல் வரிசை அரிசி நேத்தே தீந்துபோச்சு. இன்னிக்கு எந்த வரிசைப் பெட்டியச் சலிக்கணும்?"