வாடிப்பட்டிக்கும் சேர்த்துப் போட்ட கணக்கு

எனக்கு மெதுவாகப் பேச வராது. குறை சொல்கிறவர்கள் செல்லூரில் ஒரு விசைத்தறிக் கூடத்தின் மாடியில் இரண்டு வருடம் கணக்குப் படித்துவிட்டு வந்து சொல்லட்டும்.

அங்கேதான் எங்கள் கணித வட்டம் ஞாயிறுதோறும் கூடும். (வேறு யாரும் இடம் தரவில்லை.) கீழே எட்டுத் தறி தடதடக்கும். மேலே கல்லூரி மாணவரான பிரபு அண்ணன் தொண்டை கிழியக் கேள்வி கேட்பார், நாங்கள் தொண்டை கிழிய விடை சொல்வோம். ரகசியம் என்றால் காதுக்குப் பக்கத்தில் போய்க் கத்துவது.

அந்த வருடம் மண்டலப் போட்டிக்கு நான்கு பேர் கொண்ட அணியாகப் போனோம். தலைவி என் அக்கா தேவி. பிளஸ் டூ படித்த அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. ஜெயிக்கிற ஒரே அணிதான் சென்னைக்குப் போகும். அதற்காகப் பெரியப்பா மகள் கல்யாணத்துக்குக்கூட வராமல் கணக்குப் போட்டவள் அவள். நானோ ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்காராத பிறவி. போட்டியன்று காலையிலிருந்து என் கால் ஆடிய ஆட்டத்தில் பெஞ்சே ஒரு சாண் நகர்ந்துவிட்டது.

கடைசிக் கேள்வி வந்தபோது நாங்களும் வாடிப்பட்டி அணியும் சமம். இருவர் விடையும் சரியென்றால் தாளை முதலில் கொடுப்பவருக்கு வெற்றி. வடக்கே நான்கு தெருவும் கிழக்கே ஐந்து தெருவும் தள்ளியிருக்கும் வீட்டுக்குச் சுற்றாமல் போக எத்தனை வழி என்பது கேள்வி. எனக்குச் சட்டென்று பிடிபட்டது. அக்காவின் காதருகே குனிந்து ரகசியமாகச் சொன்னேன்.

"நூத்தி இருபத்தாறுக்கா."

அந்த மண்டபத்தில் தறி ஓடவில்லை என்பது பிறகுதான் உறைத்தது. அத்தனை அணிகளும் திரும்பிப் பார்த்தன. தண்ணீர் கேன் தூக்கி வந்தவரும் நின்றுவிட்டார்.

அக்கா பல்லைக் கடித்தாள். "ஏண்டி இம்புட்டுச் சத்தம்?"

"மெதுவாத்தானக்கா சொன்னேன்." (இதுவும் எல்லோருக்கும் கேட்டது.)

"எப்படி வந்துச்சு?"

"தெரியல, வந்துருச்சு. சீக்கிரம் எழுதுக்கா."

"போட்டுப் பாத்துட்டுத்தான் எழுதுவேன். நீ சொன்னத நம்பி பஸ் ஏறி மேலூர்ல போயி நின்னது பத்தாதா?"

அவள் நிதானமாகக் கட்டம் வரைந்தாள். நான் உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். அவள் பாதிக் கட்டம் நிரப்புவதற்குள் வாடிப்பட்டிப் பையன் ஒருவன் எழுந்துபோய்த் தாளைக் கொடுத்துவிட்டான். அவர்களுக்கு என்மேல் இருந்த நம்பிக்கை கூடப்பிறந்தவளுக்கு இல்லை. விடை நூற்று இருபத்தாறுதான்.

பிரபு அண்ணன் நடுவரிடம் மன்றாடினார். எட்டிப் பார்த்தால்தான் தண்டனையாம், காதில் விழுந்தால் விதியில் ஒன்றும் இல்லையாம். போகும்போது வாடிப்பட்டிக்காரர்கள் எனக்குக் கைகொடுத்தார்கள். "ரொம்ப தேங்க்ஸ்க்கா" என்றான் ஒருவன்.

பேருந்தில் அக்கா தனியாகப் போய் உட்கார்ந்து ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். அதைப் பார்த்து எனக்கும் அழுகை வந்தது, ஆனால் என் அழுகையும் சத்தமாக இருக்கும் என்று பயந்து துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டேன். ஒரு மாதம் அவள் என்னோடு பேசவில்லை.

இப்போது பேசுகிறாள், நிறையவே. ஆனால் எங்கள் வீட்டில் எவர் ரகசியப் பேச்சு எடுத்தாலும், "அவகிட்ட மட்டும் சொல்லிராதீங்க, வாடிப்பட்டிக்குக் கேட்டுரும்" என்று முதலில் சொல்வதும் அவள்தான். என்னைப் பெண் பார்க்க வருகிற சேதி தெருவுக்கே தெரிந்திருந்தது. எனக்குத் தெரிந்தபோது மாப்பிள்ளை வீட்டார் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.