மாயக்குடைப் பாட்டு மட்டமல்ல

விளாங்குடி, மதுரை-18
20.10.2004

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி பஞ்சாபகேசன் அவர்களுக்கு, அனந்தராமன் அநேக நமஸ்காரம்.

இவ்விடம் நானும் பாகீரதியும், காலையிலிருந்து எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்பதைத் தவிர, மற்றபடி க்ஷேமம். அவ்விடம் தாங்களும் சம்பந்தி அம்மாளும் மாப்பிள்ளை சி. பத்ரியும் எங்கள் குழந்தை சௌ. மதுவந்தியும் க்ஷேமமாக இருக்க மீனாட்சியைப் பிரார்த்திக்கிறேன். தங்கள் கோபமும் குறைவில்லாமல் இருப்பதைத் தாங்கள் போட்ட கார்டிலிருந்து தெரிந்துகொண்டேன்.

கார்டில் விஷயம் சுருக்கமாகத்தான் இருந்தது. ஆவணியில் நடந்த கல்யாணத்தில், அதுவும் காசி யாத்திரை நேரத்தில், டிவி பொம்மைப் படத்தின் மட்டமான பாட்டை நாயனத்தில் வாசிக்க வைத்தது தவறு என்று நான் கைப்பட எழுதித் தர வேண்டும். தராவிட்டால் குழந்தைகளைத் தலைதீபாவளிக்கு மதுரைக்கு அனுப்ப முடியாது, திருச்சியிலேயே நடக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். பாகீரதி கார்டைப் படித்துவிட்டுப் பேனாவைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். "மட்டமான பாட்டுதான், தப்பு என்னுதுதான்னு ரெண்டு வரி எழுதுங்கோ. அதுக்கு மேல ஒரு எழுத்து வேண்டாம்" என்று சொல்லிவிட்டு ஆனையூரில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். நானும் அப்படியே எழுதத்தான் உட்கார்ந்தேன். தவறு என்று எழுதுவதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. ஆயுள் முழுக்க ஆபீசில் வேலை பார்த்தவன், செய்யாத தவறுக்கெல்லாம் விளக்கம் எழுதிக் கொடுத்துக் கை பழகியிருக்கிறது. 'மட்டமான' என்கிற அந்த ஒரு சொல்லில்தான் பேனா நகர மாட்டேன் என்கிறது.

அது என்ன படம் என்று தெரியாமலே தாங்கள் அதைத் திட்டுவது நியாயமில்லை என்பதால் சொல்கிறேன். 'மாயக்குடை மங்கையர்' என்று பெயர். ஜப்பான்காரன் எடுத்து, நம்மவர்கள் தமிழில் பேசவும் பாடவும் வைத்தது. பள்ளிக்கூடம் போகிற ஐந்து பெண்கள், ஆளுக்கு ஒரு குடை. வறட்சி ராணி என்று ஒருத்தி ஊரில் இருக்கிற மேகத்தையெல்லாம் ஊறுகாய் ஜாடி மாதிரி ஒன்றில் பிடித்து அடைத்து வைத்துக்கொள்வாள். உடனே இவர்கள் குடையை விரித்து மூன்று சுற்றுச் சுற்றினால் யூனிஃபாரம் மறைந்து பட்டும் பளபளப்புமாக வேறு உடை வந்துவிடும், அப்புறம் சண்டை, அப்புறம் மழை, அப்புறம் ஐந்து பேரும் ஹோம்வொர்க் எழுதப் போய்விடுவார்கள். அவதாரம் எடுப்பதும் அசுரனை அடிப்பதும் நமக்கு என்ன புதிதா, இதில் மட்டம் எங்கே வந்தது என்று எனக்குப் புரியவில்லை. மதுவந்தி காலேஜிலிருந்து வந்து காபியோடு உட்காருகிற சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அது வரும். முதலில் பேப்பருக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். அப்புறம் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பார்த்தேன். ரிடையர் ஆனபிறகு சாயங்காலத்தில் பேப்பரை எடுப்பதே இல்லை. எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் ஜன்னல் வழியாக எட்டி, பேரக்குழந்தை யாராவது வந்திருக்கிறதா என்று கேட்டார். இல்லை, நான்தான் பார்க்கிறேன் என்றேன். அதற்கப்புறம் அவர் கேட்டதில்லை.

பாட்டுகள் மொத்தம் ஐந்து. தலைப்புப் பாட்டு சுத்த தன்யாசி. "குடை விரித்தால் வான் விரியும், கோழை நெஞ்சில் இடி முழங்கும்" என்று பாடுகிறவள் எடுத்து, பஞ்சமத்தில் ஒரு கணம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மேலே போவாள். சரணத்தில் ராகத்துக்குச் சம்பந்தமில்லாத ஸ்வரம் ஒன்று வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். வெளியூர்ப் பாட்டு, அதற்கு அந்த உரிமைகூடவா கிடையாது. படத்தின் இரண்டாம் பாகத்துக்கு வேறு தலைப்புப் பாட்டு போட்டார்கள். அதைப் பற்றி நானே நல்லதாக எதுவும் சொல்ல மாட்டேன். பாடுகிறவளுக்கு ஜலதோஷம், டிரம் அடிக்கிறவனுக்குப் பாட்டின்மேல் ஏதோ முன்விரோதம். மதுவந்தி அதுதான் உசத்தி என்பாள். இதற்காக நாங்கள் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. மட்டம் என்ற சொல்லை எங்கே உபயோகிக்க வேண்டும் என்று எனக்கும் தெரியும் என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன். மூன்றாவது, அவர்கள் சுற்றும்போது வருகிற பாட்டு. கொஞ்ச நேரம்தான், ஆனால் தினமும் அதேதான். தினமும் அதே பாட்டா என்று பாகீரதி கேட்பாள். தினமும் அதே தீபாராதனையைத்தானே பார்க்கிறாய், அலுத்துவிட்டதா என்று நான் கேட்பேன். நான்காவது வறட்சி ராணி பாடுவது. கெட்டவளாயிற்றே என்று கத்தலும் கூச்சலுமாகப் போட்டிருப்பார்கள் என்று தாங்கள் நினைப்பீர்கள். இல்லை, தாலாட்டு மாதிரி இருக்கும். பேசத் துணையில்லாமல் அடைத்து வைத்த மேகங்களோடு பேசிக்கொண்டிருக்கிறாள். மணல் மட்டும் கிடக்கிற வைகையைப் பாலத்தில் நின்று பார்த்திருக்கிற எவனுக்கும் அவள்மேல் முழுக் கோபம் வராது. ஐந்தாவது முடிவுப் பாட்டு. அதைச் சேனல்காரன் பாதியில் வெட்டிவிட்டு எண்ணெய் விளம்பரம் போடுகிறான். மூன்று கார்டு எழுதிப் போட்டுப் பார்த்தேன். மூன்றாவதில் கொஞ்சம் கடுமையாகவே எழுதினேன், பதில் இல்லை.

இனி காசி யாத்திரைக்கு வருகிறேன். மாப்பிள்ளை குடையும் விசிறியும் தடியுமாகச் சன்னியாசம் வாங்கக் கிளம்புகிறார், பெண்ணைப் பெற்ற நான் பின்னாலேயே ஓடி, காசி வேண்டாம், என் பெண்ணை ஏற்றுக்கொள்ளும் என்று மறித்து அழைத்து வருகிறேன். மாப்பிள்ளை கையில் குடை விரிகிற நேரம் அது. மாயக்குடைப் பாட்டுக்கு இந்த உலகத்தில் அதைவிடப் பொருத்தமான இடம் உண்டா என்று தாங்களே சொல்லுங்கள். தலைப்புப் பாட்டை டேப்ரிக்கார்டரை டிவிக்குப் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்து, கொட்டாம்பட்டிப் பக்கத்து நாயனக்காரர் கருத்தக்கண்ணனிடம் ஆடி மாதமே கேசட்டைக் கொடுத்துவிட்டேன். அவர் கேட்டுவிட்டு, "இம்புட்டுத்தானா சாமி பாட்டு? குடைய விரிக்கட்டும், அங்க பிடிச்சேன்னா மாலை மாத்துற வரைக்கும் இழுத்துட்டு வாரேன்" என்றார். சொன்னபடியே செய்தார். மண்டப வாசலில் மாப்பிள்ளை குடையை விரித்தார், நாயனம் எடுத்தது, தங்கள் சபாவிலிருந்து வந்த நண்பர்கள் நடுவில் நின்றுகொண்டிருந்த தாங்கள் கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டீர்கள். "சுத்த தன்யாசி. ரொம்பப் பழைய கிருதி. இப்போல்லாம் யார் வாசிக்கறா இதை" என்று அவர்களிடம் சொன்னீர்கள், நான் பக்கத்தில்தான் இருந்தேன். பல்லவி முடிகிற இடத்தில் நாயனம் 'பீ பீ' என்று மேலே ஏறி இறங்கியதே, அப்போது கண்ணைத் திறந்து, "அந்தப் பிடியைக் கேட்டேளா, பரம்பரையா வந்தாத்தான் இது வரும்" என்றும் சொன்னீர்கள். எழுதுவதென்று வந்துவிட்டால் முழு உண்மையையும் எழுதுவதுதான் மரியாதை. அது பாகீரதியின் குக்கர் விசில். நான் பதிவு செய்த அன்றைக்குத் துவரம்பருப்பு வெந்துகொண்டிருந்தது. பிற்பாடு கேட்டபோது கருத்தக்கண்ணன், "கேசட்டுல இருந்துச்சு சாமி, விட்டா நீங்க கோவிப்பீகன்னு வாசிச்சேன்" என்றார்.

இதைப் படித்துத் தங்கள் கோபம் கொஞ்சம் கூடியிருக்கலாம். இருந்தாலும் மேலே நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பாட்டு காதில் விழுந்ததும் சாப்பாட்டுக் கூடத்தில் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகள் அத்தனையும் வாசலுக்கு வந்து மாப்பிள்ளையைச் சூழ்ந்துகொண்டன. பட்டுப்பாவாடை எல்லாம் குடை மாதிரி விரியச் சுற்றின. "மூணு சுத்துச் சுத்தணும் மாமா" என்று அவரையும் விடவில்லை. பத்ரி நல்ல பிள்ளை. கேட்டது குழந்தைகள் ஆயிற்றே என்று பஞ்சகச்சமும் மையிட்ட கண்ணுமாக மூன்று சுற்றுச் சுற்றினார், இரண்டாவது சுற்றில் குடைக்கம்பி தங்கள் சபா நண்பர் ஒருவரின் அங்கவஸ்திரத்தை எடுத்துக்கொண்டு போனது தற்செயல். அப்போதுதான் என் மச்சினன் பேத்தி, யூகேஜி படிக்கிறவள், தங்கள் வேட்டியைப் பிடித்து இழுத்து, "தாத்தா, இது கிருதி இல்லை, கார்ட்டூன்" என்று சொன்னாள். அதைச் சொல்லிக் கொடுத்தது நான் என்று தாங்கள் நினைப்பதாகக் கேள்விப்பட்டேன். சத்தியமாக இல்லை, அந்தக் குழந்தைக்கு உண்மை பேசுகிற பழக்கம் அவள் அம்மாவிடமிருந்து வந்தது.

அதன்பிறகு கல்யாணம் முடிகிறவரை தாங்கள் யாரோடும் பேசவில்லை. பந்தியில் பாயசத்தை இரண்டாம் முறை வேண்டாம் என்று கையால் மறித்துவிட்டீர்கள். பருப்புத்தேங்காயை மட்டும் மறக்காமல் எடுத்து வைக்கச் சொன்னீர்கள். நான் கேட்பது ஒன்றுதான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டபோது அந்தப் பாட்டு தங்களுக்கு நன்றாக இருந்தது. கண்ணைத் திறந்து பெயரைத் தெரிந்துகொண்டதும் மட்டமாகிவிட்டது. நடுவில் ஒரு ஸ்வரம்கூட மாறவில்லை. தங்கள் காதின்மேல் எனக்கு இருக்கிற மதிப்பு தங்களுக்கே இல்லாமல் போனதுதான் எனக்கு வருத்தம்.

இன்னொன்றும் இருக்கிறது. அன்றைக்கு விடியற்காலையில் தலையில் எண்ணெய் வைத்ததிலிருந்து மதுவந்தி அழுதுகொண்டே இருந்தாள். யாரோ வைகிறார்கள், யாரோ சமாதானம் சொல்கிறார்கள், அவள் நிறுத்தவில்லை. மாலையோடு நின்றவள் பாட்டைக் கேட்டு நிமிர்ந்து பார்த்தாள், குடையோடு மாப்பிள்ளை சுற்றுவதைப் பார்த்தாள், வாய்விட்டுச் சிரித்தாள். கல்யாண வீடியோவில் என் பெண் சிரிக்கிற இடம் அது ஒன்றுதான். அந்தச் சிரிப்பைக் கொண்டுவந்த பாட்டை மட்டம் என்று என் கையால் எழுத முடியாது. ஆகவே எழுத மாட்டேன். தாங்கள் அனுப்பினால் தலைதீபாவளி, அனுப்பாவிட்டால் வெறும் தீபாவளி. மாப்பிள்ளைக்கு வாங்கி வைத்த மயில்கண் வேட்டியை நானே கட்டிக்கொள்கிறேன், லேகியத்தை நானே தின்கிறேன், சரவெடியை நானே வாசலில் வைத்துக் கொளுத்திவிட்டு உள்ளே வந்து வறட்சி ராணி பாட்டு கேட்கிறேன். இது என் முடிவு. பாகீரதி திரும்பி வந்து என்ன சொன்னாலும் மாறாது.

சம்பந்தி அம்மாளுக்கு எங்கள் நமஸ்காரம். சி. பத்ரிக்கும் சௌ. மதுவந்திக்கும் எங்கள் பரிபூரண ஆசீர்வாதம். இருவரும் தீர்க்காயுசாக, எந்த ஊர்ப் பாட்டையும் கூச்சப்படாமல் கேட்டுக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
எதற்கும் வருத்தப்படாத தங்கள் சம்பந்தி,
அனந்தராமன்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது போன் மணி அடித்தது. மதுவந்தி. "அப்பா, நீ ஒண்ணும் எழுதித் தராதே. தீபாவளி எங்க இருந்தா என்ன" என்று தைரியமாகத்தான் சொன்னாள். அப்புறம் டிவி போட்டாயிற்றா என்று கேட்டாள். போட்டுவிட்டேன், இப்போது ஆரம்பிக்கும் என்றேன். "இங்க அந்த நேரத்துல மாமனார் பாட்டு சாதகம் பண்ணிண்டிருப்பார், டிவி போடறதில்லை. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிட்டு ரிசீவரைப் பக்கத்துல வையேம்பா" என்றாள். வைத்தேன். பாட்டு முடிந்து எடுத்துக் காதில் வைத்தால் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் கேட்டது, அப்படியே போனை வைத்துவிட்டாள். ஆகையால், சம்பந்தி அவர்களே, மேலே எழுதியிருப்பதைத் தயவுசெய்து படிக்க வேண்டாம், படித்திருந்தால் மறந்துவிட வேண்டும். முதல் பாட்டு மட்டம், இரண்டாவது மட்டம், ஐந்தும் மட்டம். தவறு என்னுடையது. தங்கள் காது தங்கமான காது. இதைச் சபாவில் நாலு பேர் நடுவில் வாசித்துக் காட்டினாலும் எனக்குச் சம்மதம். குழந்தைகளைத் தீபாவளிக்கு முந்தின புதன்கிழமை வண்டிக்கே அனுப்பிவையுங்கள், நான் ஸ்டேஷனில் வந்து நிற்கிறேன்.