சம்பூர்ணத்தின் வாக்குமூலமும் என் ஆட்சேபணையும்

புதுப்பட்டினம்,
12.3.1999

சௌபாக்கியவதி பிரதீபாவுக்குப் பெரியம்மா ஜெகதாம்பாள் அநேக ஆசிகளுடன் எழுதுவது. இவ்விடம் யாவரும் நலம் என்று எழுத வேண்டிய இடம் இது. இவ்விடம் யாவரும் என்பது நான் ஒருத்திதான்; எனக்கு நலமில்லை. எழுத்து கோணலாக இருந்தால் வயதின் மேல் பழி போடாதே. உன் ஆராய்ச்சிதான் காரணம்.

நம் வட்டாரத்துப் பெண்களை அவரவர் வாழ்க்கையை அவரவர் வாயாலேயே சொல்ல வைத்து, கேசட்டில் பதிந்து, செங்கல்பட்டில் உன் கல்லூரியில் ஆவணமாகப் பாதுகாக்கப் போகிறேன் என்று நீ சொன்னபோது மகிழ்ந்து போனவள் நான். தட்டச்சுப் பக்கங்களைக் கேசட்டோடு ஒப்பிட்டுத் திருத்த ஆள் வேண்டும் என்றாய். கான்வென்டில் படித்தவள், ஒரு கால்புள்ளியைக்கூடத் தவற விடாதவள் என்று என்னைப் பிடித்தாய். உன் மாணவி கீர்த்தனாவை முதல் நாளே உட்கார வைத்து, "அவர்கள் சொன்னதில் ஒரு சொல் கூட்டாதே, ஒரு சொல் குறைக்காதே, சங்கடமாக இருக்கிறதென்று எதையும் வெட்டாதே, வெட்டினால் அது சரித்திரம் இல்லை, கல்யாணப் பத்திரிகை" என்று உபதேசம் செய்ததும் நானேதான். அந்தப் பெண் அதை நோட்டில் வேறு எழுதிக்கொண்டாள். இப்போது என் வாயை நானே கட்டிப்போட்டுக்கொண்டு நிற்கிறேன்.

நேற்று வந்தது மீன்காரி சம்பூர்ணத்தின் கேசட். கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் நாங்கள் இருந்த காலம் முழுக்க, தலையில் கூடையோடு தெருத் தெருவாக வந்தவள். முழங்கால் போன பிறகு இப்போது புதுப்பட்டினம் மார்க்கெட்டில் உட்கார்ந்திருக்கிறாள். எட்டுப் பக்கம் திருத்தினேன். ஒன்பதாம் பக்கத்தில் இப்படி இருக்கிறது, ஒரு எழுத்து மாற்றாமல் தருகிறேன்: "எட்டாம் நெம்பரு வூட்டு அம்மா கீறாங்களே, இங்கிலீஸ்லயே திட்டுவாங்களே, அவங்க சைவம். முன்வாசல்ல என்னப் பார்த்தா மூக்கப் பொத்திக்குவாங்க. பதினோரு மணிக்கு நான் பின்வாசல் பக்கம் போவணும். பூனைக்குன்னு வாங்குவாங்க. ஏம்மா, எந்தப் பூனைமா 'நேத்து உப்பு கம்மி, இன்னிக்கு மிளகு தூக்கலாப் போட்டு வறுத்துகினு வா'ன்னு சொல்லும்?" இதற்குக் கீழே உன் கீர்த்தனா அடைப்புக்குறிக்குள் 'சிரிப்பு' என்று தட்டச்சு செய்திருக்கிறாள். அந்தப் பக்கத்தில் மட்டும் பதினோரு சிரிப்பு, எண்ணினேன். கேசட்டைப் போட்டுக் கேட்டால் உண்மையில் பதின்மூன்று. அதையும் பென்சிலால் திருத்தி வைத்திருக்கிறேன்.

அந்த எட்டாம் நம்பர் வீட்டு அம்மா நான்தான்; மறுக்கவில்லை. பூனை இருந்தது, தலையும் வாலும் அதற்குத்தான் போயின, ஆகையால் நான் சொன்னது முழுப் பொய்யும் அல்ல. நான் படித்த கான்வென்ட் விடுதியில் வெள்ளிக்கிழமை இறைச்சி கூடாது என்று சிஸ்டர்கள் மீன் போடுவார்கள். எங்களைப் போன்ற நாலைந்து சைவப் பிள்ளைகளுக்குத் தனியாகத் தயிர்சாதம். பக்கத்தில் உட்காரும் ஜெஸ்ஸி ஒரு நாள் ஒரு துண்டைச் சாதத்துக்கடியில் தள்ளிவிட்டாள். அவ்வளவுதான், என் சைவம் அன்றோடு போயிற்று. பூண்டு வாசம்கூட ஆகாத வீட்டில் வாழ்க்கைப்பட்டு, உன் பெரியப்பா ஆபீஸ் பஸ் ஏறிய பிறகு, கொல்லையில் நின்றபடியே தின்று, ஊதுவத்தி ஏற்றி... சரி, அது போகட்டும்.

நேரே மார்க்கெட்டுக்குப் போனேன். ஈக்களுக்கு நடுவில் நின்று, "சம்பூர்ணம், என்ன காரியம் செய்துவிட்டாய்?" என்றேன். அவள் வஞ்சிரத்தின் செதிலைச் சீவுவதை நிறுத்தவில்லை. "இன்னாமா, நீங்கதான மறைக்காம சொல்லணும்னு அந்தப் பொண்ணாண்ட சொல்லி அனுப்பிச்சீங்க?" ஒன்பதாம் பக்கத்தை எடுத்துவிடச் சொல் என்று கெஞ்சினேன். கெஞ்சினேன் பிரதீபா, நான்! அவள் கத்தியை வைத்துவிட்டு, "எடுத்துடலாம். அப்போ ஐயா துன்னதயும் எடுத்துடணுமா? அது பி சைடுல கீது" என்றாள். எந்த ஐயா என்றேன். "உங்க வூட்டு ஐயாதாம்மா."

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. பி சைடைப் போட்டேன். சனிக்கிழமை தோறும் ஓவர்டைம் என்று போன மனிதர், சைக்கிளை மிதித்து சம்பூர்ணம் வீட்டுக்குப் போய், நெத்திலி வறுவல் சாப்பிட்டு, ஏலக்காய் மென்று, திருநீறு பூசிக்கொண்டு திரும்புவாராம். நான் சாம்பாரைச் சூடு பண்ணிக்கொண்டு, என் கணவர் மாதிரி உழைப்பாளி உண்டா என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருப்பேன். "எங்க வூட்டம்மாவுக்குத் தெரிஞ்சா அன்னிக்கே பொட்டியத் தூக்கிகினு பொறந்த வூட்டுக்குப் போயிடும்னு பயப்படுவாரு" என்கிறாள். ரிடையரானதும் அவர் வீட்டோடு இருந்தார் என்று நான் நிறுத்திவிட்டேன். நான் வீட்டில் இருக்கிறேன் என்று அவரும் நிறுத்தியிருக்க வேண்டும். ஒருவருக்கொருவர் காவலாக நாலு வருடம் சுரைக்காய்க் கூட்டு தின்றோம். பிறகு அவர் போய்விட்டார்.

கடைசியில் கீர்த்தனா அவளைக் கேட்கிறாள், உங்கள் தொழிலில் எது பெருமை என்று. அதற்குச் சம்பூர்ணம், "ஒரே சட்டியில ரெண்டு வறுவல். இருவத்திரெண்டு வருசம். அம்மாது ஐயாவுக்குத் தெரியாது, ஐயாது அம்மாவுக்குத் தெரியாது. நான் வாயத் தொறந்துகீறனா?" என்கிறாள். இதற்குச் சிரிப்பு இல்லை. நன்றாகக் கேட்டுவிட்டேன்.

ஆகவே நான் கண்டிப்பாகச் சொல்வது: ஒன்பதாம் பக்கத்தைக் கிழித்துவிடு. பி சைடை அழித்துவிடு. நம் சொந்தக்காரர்கள் காதுக்கு இது போனால் உன் பெரியப்பாவின் திதிக்கு வருகிறவர்கள் இலையைப் பார்த்துச் சிரிப்பார்கள். உன் அம்மாவிடமும் மூச்சு விடாதே. நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் குறைவில்லாமல் இருக்க வேண்டுமென்று தினமும் விளக்கேற்றி வேண்டிக்கொள்ளும்,

உன் பெரியம்மா
ஜெகதாம்பாள்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் பி சைடை இன்னொரு தரம் கேட்டேன். எதையும் அழிக்க வேண்டாம். அதை எடுத்துவிட்டால் சம்பூர்ணத்துக்குச் சொல்லிக்கொள்ள என்ன மிச்சம்? ஆனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருப்பேன் என்று அவர் சொன்னாரே, அந்த இடத்தில் என் முழுப் பெயரோடு ஒரு அடிக்குறிப்பு சேர். இதில் ஒரு எழுத்தும் மாறக் கூடாது: "போயிருக்க மாட்டேன். நெத்திலியில் பாதி கேட்டிருப்பேன்."