வரவேற்பு இரண்டு

ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் எதையும் இன்னும் ஒழுங்காக்கித் தருகிறேன் என்று ஒருவன் வந்தால் அவனைக் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட வேண்டும். என் மாமனாரால் அது முடியவில்லை. வந்தவன் மூத்த மருமகன். காப்பி கொடுத்து உட்கார வைத்தாக வேண்டிய கட்டாயம்.

மாமனார் பெயர் அருளப்பன். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, புலாவ் செபாங் என்ற ஊரில் தண்டவாளச் சத்தம் கேட்கும் தூரத்திலேயே வீடு கட்டிக்கொண்டவர். அவரிடம் ஒரு மடிக்கணினி இருந்தது. அதில் ஒரு புரோகிராம் இருந்தது. அந்த ஒரே புரோகிராமுக்குள் அவருடைய மொத்த வாழ்க்கையும் இருந்தது. கேசட்டிலிருந்து மாற்றிய பழைய பாட்டுகள், தேவாலயப் பாடல்கள், பிள்ளைகளின் பிறந்தநாள் வீடியோக்கள், கைப்பேசியில் பேசிப் பதிந்தவை எல்லாம் அதனதன் அறையில் சமர்த்தாக இருந்தன. ஒரே ஒரு குறை, அது திறக்க நேரமாகும். மாமா அதைத் தட்டிவிட்டு, அடுப்பங்கரைக்குப் போய்த் தேநீர் போட்டு, ஆற்றி எடுத்துக்கொண்டு வருவார். அப்போது சரியாகத் திறந்திருக்கும். அவருக்கு அது குறையாகவே தெரியவில்லை. தேநீருக்கு ஒரு சாக்கு என்றுதான் வைத்திருந்தார்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. நான் அப்போது கணினி விஷயத்தில் பெரிய ஆள். (இணையத்தில் சில வீடியோக்களைப் பார்த்திருந்தேன். சிலவற்றைக் கடைசி வரை பார்த்திருந்தேன்.) புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக வேலை. நான் சோதித்துப் பார்த்துச் சரி என்று சொல்லாமல் ஒரு பெட்டி வெளியே போகாது. இந்தத் தகவலைப் பின்னால் வரப்போகும் சம்பவத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

"மாமா, இது ரொம்பப் பழசு. செஞ்ச கம்பெனியே இதக் கைவிட்டாச்சு. இப்பல்லாம் பாட்டுக்கு ஒரு ஆப், வீடியோவுக்கு ஒரு ஆப், போட்டோவுக்கு ஒரு ஆப்."

"இதுல எல்லாம் ஒரே இடத்துல இருக்கே மாப்ள."

"அதான் மாமா பிரச்சினையே."

"எனக்கு அது பிரச்சினையா தெரியலையே."

தெரியாததைத் தெரியவைக்கத்தானே மருமகன் இருக்கிறான். என் மைத்துனி ஜெசிந்தாவின் நிச்சயதார்த்தம் அடுத்த சனிக்கிழமை. பாட்டும் படங்களும் இந்தக் கணினியிலிருந்துதான் போகப் போகின்றன. மண்டபத்தில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, புரோகிராம் திறக்கும் வரை தேநீர் ஆற்ற முடியுமா என்று கேட்டேன். மாமா தேநீரை ஒரு வாய் குடித்தார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அந்தக் கூட்டுக்குடும்பத்தைக் கலைத்தேன். பாட்டு தனி, வீடியோ தனி, படம் தனி, கைப்பேசியிலிருந்து நகலெடுப்பது தனி. பழைய புரோகிராமை அடையாளம் தெரியாமல் அழித்தேன். என் மனைவி ரெஜினா மட்டும் வாசலில் நின்று, "ஏங்க, நிச்சயம் முடிஞ்ச பெறகு இதச் செஞ்சா ஆகாதா?" என்று கேட்டாள். பெண்களுக்குத் தொழில்நுட்பத்தைக் கண்டால் பயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். (அவள் தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே இயந்திரங்களை இயக்குகிறவள்.)

"நிச்சயத்துக்கு நான் வரிசையாப் பாட்டு எடுத்து வச்சிருந்தேனே, அது?" என்றார் மாமா.

"வந்துரும் மாமா."

வரவில்லை. பாட்டுகள் வந்தன, வரிசை வரவில்லை. அது ஒன்றும் பெரிய காரியமில்லை, பெயரைப் பார்த்து நானே அடுக்கிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கணினியில் இருக்கிற ஒலிக்கோப்பு அத்தனையையும் ஒன்று விடாமல் சேர்த்துக்கொள் என்று புதிய ஆப்புக்கு உத்தரவு போட்டிருந்தேன். ஒன்று விடாமல் சேர்த்திருந்தது. ஜோடி உள்ளே நடந்து வரும்போது போடுவதற்கு 'வரவேற்பு' என்று ஒரு வயலின் இசையை மாமா வைத்திருந்தது எனக்குத் தெரியும். தேடினேன். 'வரவேற்பு ஒன்று', 'வரவேற்பு இரண்டு' என்று இரண்டு கிடைத்தன. இரண்டாவதுதானே புதியது, புதியதுதானே மேலானது? அதை எடுத்து வரிசையில் முதலில் வைத்தேன். ஆப் திறக்கிறதா என்று பார்த்தேன், கண்ணிமைப்பதற்குள் திறந்தது. ஒரு பாட்டைப் போட்டேன், பாடியது. தரப் பரிசோதனை முடிந்தது.

மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பையன் ஸ்டீவன் தங்கமான பையன். அவன் அப்பா தேவசகாயம்தான் சிக்கல். பெண் பார்க்க வந்த அன்று அவர் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார். பலகாரத்தைத் தொடவில்லை. பேசியது ஒரே வாக்கியம். "எங்களுக்கு எல்லாம் மொறையா நடக்கணும்." அவர் போனபிறகு பிலோமினா அத்தை, அதாவது என் மாமியார், இரண்டு நாளைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு சின்னக் குறை என்றாலும் அந்த மனிதர் எழுந்து போய்விடுவார் என்பது அத்தையின் கணக்கு. ஜெசிந்தாவும் பயந்துதான் போயிருந்தாள். "அத்தான், மத்ததெல்லாம் எப்படியோ போவட்டும். பாட்டு மட்டும் சொதப்பாமப் பாத்துக்குங்க லா" என்று என்னிடம் வந்து சொன்னாள். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்று நினைத்தாலும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ரெம்பியாவில் ஒரு பாலாய் ராயாவை, அதாவது ஊர்ப் பொது மண்டபத்தை, பிடித்திருந்தோம். ஒலிபெருக்கிக்கு ஜமால் பாய். அந்தப் பக்கத்தில் எல்லா மதத்துக் கல்யாணங்களுக்கும் அவருடைய ஒலிபெருக்கிதான். நான் கணினியை அதோடு புளூடூத்தில் இணைத்துவிட்டு, மேடைக்குப் பக்கத்தில் ஒரு மேசையில் உட்கார்ந்தேன். திரையில் படங்கள், அடுத்துப் பாட்டு, கேக் வெட்டும்போது ஜெசிந்தாவின் பாலர் பள்ளி வீடியோ. ஒவ்வொன்றும் அதனதன் ஆப்பில் தயார்.

வாசலில் ஜோடி வந்து நின்றது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். தேவசகாயம் முன்வரிசையில் முதுகை நிமிர்த்தி நின்றார். மாமாவும் அத்தையும் அவருக்குப் பக்கத்தில். நான் பொத்தானை அழுத்தினேன்.

முதலில் ஒரு மின்விசிறிச் சத்தம். வயலினுக்கு முன்னால் இப்படி ஒரு புதுமையா என்று நினைத்தேன். பிறகு யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"அன்பான சம்பந்தி அவர்களே" என்றது மண்டபம் நிறைய மாமாவின் குரல். "இல்ல, அவங்க ரெண்டு பேரு. சம்பந்தி வீட்டாரே."

அத்தை திரும்பி மாமாவைப் பார்த்தார். மாமா வாயை மூடிக்கொண்டுதான் நின்றார். கையில் மைக்கும் இல்லை. அவர் முகத்தில் இருந்த இரத்தமெல்லாம் எங்கோ இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். வரவேற்புரைக்காக மாமா வீட்டில் தனியாகப் பேசிப் பார்த்திருக்கிறார். அதைக் கைப்பேசியில் பதிந்து, 'வரவேற்பு' என்று பெயரும் வைத்திருக்கிறார். பழைய புரோகிராம் அதைப் பேச்சு அறையில் போட்டுக் கதவைச் சாத்தி வைத்திருந்தது. நான் கதவையெல்லாம் கழற்றிப் போட, ஒரே பெயரில் இருந்த இரண்டுக்கும் புதிய ஆப் எண் போட்டு அடுக்கியிருக்கிறது.

"எங்க ஜெசிந்தா ரொம்ப அடக்கமான பொண்ணு" என்றது ஒலிபெருக்கி. ஒரு காகிதம் புரண்டது. "அடக்கம்னா சிரிப்பாங்களே. தைரியமான பொண்ணு. ஆங், அது சரி."

நிறுத்துவதற்காக விசைப்பலகையின் நீளப் பொத்தானைத் தட்டினேன். பேச்சு நிற்கவில்லை, திரையில் படம் மாறியது. அந்த நேரத்தில் பொத்தான் பட ஆப்பின் ஆட்சியில் இருந்திருக்கிறது. அதற்கும் ஒன்று விடாமல் சேர்த்துக்கொள் என்றுதான் உத்தரவு போட்டிருந்தேன். தேவாலயத்தில் எடுத்த ஜெசிந்தாவின் முதல் நன்மைப் படம் போய் மாமாவின் முழங்கால் எக்ஸ்ரே வந்தது. மறுபடி தட்டினேன். கூரை ஒழுகும் இடம். மறுபடி தட்டினேன். மாமா மூக்கில் வந்த கட்டியை மருத்துவரிடம் காட்டுவதற்காக மிக அருகிலிருந்து எடுத்த படம்.

"இந்த எடத்துல நான் கொஞ்சம் அழுவணும்" என்றது குரல். "நெறைய வேணாம். பிலோ திட்டும்." அதைத் தொடர்ந்து ஒரு விசும்பல். திருப்தியில்லாமல் இன்னொரு விசும்பல். பின்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

ஜமால் பாய்க்குச் சைகை செய்தேன். கழுத்துக்குக் குறுக்கே கையை இழுத்துக் காட்டினேன். அவர் புரிந்துகொண்டதாகத் தலையாட்டிவிட்டு ஒலியைக் கூட்டினார். ("பொண்ணோட அத்தா பேசறது நிகழ்ச்சியில ஒண்ணுன்னு நெனச்சேன் தம்பி. தெளிவா கேக்கணும்லா" என்று பிற்பாடு சொன்னார்.) பட ஆப்பை மூடினேன். அதற்குப் பின்னாலிருந்த வீடியோ ஆப் முன்னால் வந்து, என் கை பட்டதும் தன் கடமையைத் தொடங்கியது. பாலர் பள்ளிப் பிள்ளைகள் மேளம் தட்ட ஆரம்பித்தார்கள். பழைய புரோகிராமில் ஒரு பொத்தானை அழுத்தினால் சகலமும் வாயை மூடும். இங்கே ஒருவனை அடக்கினால் இன்னொருவன் எழுந்தான். மேளத்தை ஒருவழியாக நிறுத்தினேன். நிறுத்தாமல் விட்டிருக்கலாம். அடுத்து வந்தது முழுத் தெளிவோடு கேட்டது.

"மூத்த மாப்ளயப் பத்தியும் ரெண்டு நல்ல வார்த்த சொல்லணும். இல்லேன்னா ரெஜினா மொகத்தத் தூக்கிக்கும்."

என் கை நின்றுவிட்டது. மனிதன் தானே, கேட்கத் தோன்றாதா?

"எங்க மூத்த மாப்ள..."

மின்விசிறிச் சத்தம்.

"எங்க மூத்த மாப்ள வந்து..."

மின்விசிறிச் சத்தம். நாற்காலி கிரீச்சிட்டது. தூரத்தில் ஒரு ரயில் வந்து, நின்று, புறப்பட்டுப் போனது. ஒரு சேவல் கூவியது. மண்டபமே மூச்சைப் பிடித்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தது.

"...கம்ப்யூட்டர் நல்லா பாப்பாரு."

முதலில் சிரித்தது தேவசகாயம். அந்த மனிதருக்குப் பல் இருப்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரியும். அவர் சிரித்ததும் மண்டபம் முழுக்க அனுமதி கிடைத்ததுபோல் வெடித்தது. ஸ்டீவன் வாசலிலேயே ஜெசிந்தாவின் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டான். என் சொந்த மனைவி கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டிருந்தாள்.

சிரிப்பு அடங்கும்போது பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தது. குரல் இப்போது தாழ்ந்திருந்தது. மேடைக்கான குரல் இல்லை.

"ஜெசி போயிட்டா இந்த வீட்டுல யாரு லா சத்தம் போடுவா" என்றது. அதன்பிறகு வந்த அழுகை ஒத்திகை இல்லை. ஒத்திகைக்கு அது சரிப்படவும் செய்யாது, மூக்குறிஞ்சும் சத்தமெல்லாம் இருந்தது.

அப்போதுதான் எனக்குப் பாட்டு ஆப்பின் நிறுத்தும் பொத்தான் கண்ணில் பட்டது. அழுத்த மனம் வரவில்லை. ஜெசிந்தா வரவேற்பு இசை எதற்கும் காத்திராமல், புடவையை ஒரு கையில் தூக்கிக்கொண்டு, மண்டபத்தின் நடுவே வேகமாக நடந்து வந்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள். மாமா அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒலிபெருக்கியில் அவர் மூக்கைச் சிந்தினார். பிறகு முணுமுணுத்தார். "சரி, போதும். இத எப்படி நிறுத்தறது? மாப்ளயத்தான் கேக்கணும்."

டக்கென்று நின்றது.

இரண்டாவது சிரிப்பு முதல் சிரிப்பைவிட நீளமாக இருந்தது. நான் மேசைக்கு அடியில் கம்பியைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். புளூடூத்தில் கம்பி கிடையாது. எனக்கும் தெரியும். ஜமால் பாய்க்கும் தெரியும். அவர் பெருந்தன்மையாக வேறு பக்கம் பார்த்தார்.

மாமாவைப் பேச அழைத்தபோது அவர் மைக்கை வாங்கி, எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். "என்னா பேசறது? எல்லாத்தையும் கேட்டுட்டீங்க. சாப்பாடு ஆறுது, வாங்க." ரெம்பியாவில் அதைவிடக் கைதட்டல் வாங்கிய பேச்சு இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. தேவசகாயம் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்தார். எழுந்து போய்விடப் போகிறார் என்று அத்தை நினைத்து, பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"சம்பந்தி, நீங்க வீட்டுல பேசிப் பாத்திருக்கீங்க. நான் கார்ல பேசிப் பாத்தேன்" என்றார் தேவசகாயம். "சிக்னல்ல நிக்கறப்ப பக்கத்து மோட்டார்க்காரன் ஒரு மாதிரியாப் பாக்கறான் லா." அன்று அவர் இரண்டு தடவை பிரியாணி வாங்கிச் சாப்பிட்டார்.

வீடு திரும்பும்போது ரெஜினா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். கோபம் என்று நானும் சாலையை மட்டும் பார்த்து ஓட்டினேன். அலோர் காஜா தாண்டும்போது அவள் தோள் குலுங்கியது. "ஏங்க," என்றாள், மூச்சு வாங்க, "ஒரு ரயிலே வந்துட்டுப் போயிருச்சு லா. அதுக்குள்ள ஒரு நல்ல வார்த்த கெடைக்கல பாருங்க."

பழைய புரோகிராமைத் திரும்பப் போட முயன்றேன். கைவிட்ட கம்பெனி அதை இறக்கிக்கொள்ளும் இடத்தையும் மூடிவிட்டிருந்தது. தனித்தனி ஆப்புகளையெல்லாம் மாமா தானாகவே உட்கார்ந்து பழகிக்கொண்டார். இன்று எனக்கு ஏதாவது சிக்கினால் அவரைத்தான் கூப்பிடுகிறேன்.

அந்த வாக்கியம் மட்டும் குடும்பத்தில் தங்கிவிட்டது. எங்கள் வீட்டில் தொலைக்காட்சி ரிமோட்டுக்கு பேட்டரி தீர்ந்தால், பிளெண்டர் சுற்ற மறுத்தால், அரிசி வேகாமல் போனால்கூட யாராவது ஒருவர் அமைதியாகச் சொல்வார்கள், "கம்ப்யூட்டர் நல்லா பாப்பாரு." ஜெசிந்தா குழந்தையின் ஞானஸ்நானத்தில் ஸ்டீவன் என்னை அப்படித்தான் பாதிரியாருக்கு அறிமுகப்படுத்தினான். தேவசகாயம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் முதலில் தொண்டையைச் செருமிவிட்டு, சேவல்போல் கூவுகிறார்.

போன கிறிஸ்துமஸ் அன்று சாப்பாட்டு மேசையில் நான் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன். "மாமா, இத்தன வருசமாச்சு. என்கிட்ட வேற ஒரு நல்ல கொணம்கூடவா இல்ல?"

மேசையைச் சுற்றி எல்லோரும் கரண்டியைக் கீழே வைத்தார்கள். மாமா என்னை அன்போடு பார்த்தார், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் தட்டில் இன்னொரு கோழித்துண்டை எடுத்து வைத்தார்.

"அவசரப்படாதீங்க மாப்ள," என்றார். "தேடிக்கிட்டுதான் இருக்கேன்."