கிண்ணத்து மந்தை

அமீபாவுக்கு மாமியார் கிடையாது. பெருக வேண்டுமென்றால் தானே இரண்டாகப் பிரிந்துகொள்ளும். யார் வீட்டுக்கும் வாழப் போய், யாருக்கும் தேநீர் ஊற்ற வேண்டியதில்லை.

தேநீர் ஊற்றிக்கொண்டேதான் பெகிமாய் இதை நினைத்தாள். அவள் மாமியார் சல்கின் அதற்குள் சமையலறை ஜன்னலோரம் போய், மூடியிருந்த கிண்ணத்தைத் திறந்துவிட்டார்.

"என்ன மருமகளே இது? தண்ணிக்குள்ள நாலு அரிசி கெடக்கு?"

பிஷ்கெக்கில் அந்த ஜனவரியில் ஆய்வுக்கூடத்தின் வெந்நீர்க் குழாய் வெடித்து, உள்ளே எல்லாம் உறைந்துபோனது. தலைவர் ஜோல்தோஷ் அமீபாக்களைக் கிண்ணங்களில் பிரித்து ஆளுக்கொன்றாக வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். பெகிமாயின் முனைவர் பட்டம் அந்த ஒரே வம்சத்தை நம்பித்தான் இருந்தது. அது செத்தால், இத்தனை வருட உழைப்பும் செத்தது.

ஆனால் அமீபா என்று சொல்ல முடியாது. சல்கினுக்குத் தெரிந்த ஒரே அமீபா, அவர் மகனை ஒரு கோடை முழுக்கக் கழிப்பறையில் குடியிருக்க வைத்தது. இது வேறு இனம், யாரையும் ஒன்றும் செய்யாது என்று விளக்கி முடிப்பதற்குள் கிண்ணம் ஜன்னல் வழியே போய்விடும்.

"மசார் தண்ணி, அபா," என்றாள் மாமியாரிடம்.

பாதிதான் பொய். மசார் என்னும் புனிதத் தலத்து ஊற்றை ஒட்டிய குட்டையில்தான் அவற்றைப் பிடித்திருந்தாள்.

சல்கின் இரு கைகளாலும் முகத்தைத் தடவி வணங்கினார். அடுத்த நிமிடம் கிண்ணம் வீட்டிலேயே கௌரவமான இடத்துக்குப் போனது. அது வெந்நீர்க் குழாய்க்கு நேர் மேலே இருந்தது.

ஊற்று சில்லென்று இருக்கும், சூடு ஆகாது என்றாள் பெகிமாய். மாலையில் பார்த்தால் கிண்ணம் பால்கனியில், விளிம்பில் பனி கட்டத் தொடங்கியிருந்தது. வேறு வழியில்லாமல், வளர்ப்பு முறை மொத்தத்தையும் நேர்த்திக்கடன் மாதிரி ஒப்பித்தாள். சூடும் ஆகாது, குளிரும் ஆகாது. வெயில் படக்கூடாது. குழாய்த் தண்ணீர் கலக்கக்கூடாது. வாரம் ஒரு அரிசி, அதற்கு மேல் போட்டால் தண்ணீர் கெட்டுவிடும்.

"எம் புள்ளைகூட இவ்வளவு படுத்தினதில்ல," என்றபடி சல்கின் கிண்ணத்தை வெயில் படாத சமையலறை ஜன்னலோரத்திலேயே திரும்ப வைத்தார்.

சில நாளில் கீழ்வீட்டு துர்சுனாய் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வலிக்குத் தடவ ஒரு கரண்டி மசார் தண்ணீர் வேண்டுமாம்.

பெகிமாய்க்கு மறுக்க வராது. அமீபாவுக்கும் நிலையான உருவம் இல்லை. இழுப்பு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஒரு போலிக்கால் நீளும். தன்னிடம் மிச்சமிருப்பதும் அப்படிப்பட்ட கால்கள் மட்டும்தானோ என்று அவளுக்குப் பல சமயம் தோன்றியதுண்டு.

அதே மாதிரி இன்னொரு கிண்ணம் எடுத்து அதன் பக்கத்திலேயே வைத்தாள். ஆறவைத்த வெந்நீர், நாலு அரிசி. அதிலிருந்து ஒரு கரண்டி கொடுத்தாள்.

அடுத்த வாரம் துர்சுனாய் படிகளைத் தாவித் தாவி ஏறிவந்தாள். பிறகு கேட்கவா வேண்டும். பல்வலி, தலைசுற்றல், மகனின் ஓட்டுநர் உரிமம் என்று கட்டடமே வந்தது. வந்தவர்கள் எல்லோரும் முதலில் ஜன்னலோரக் கிண்ணத்தைக் குனிந்து நெடுநேரம் தரிசித்துவிட்டுத்தான் கரண்டியை நீட்டினார்கள். பெகிமாய் கூசிக் கூசி ஊற்றினாள். போலிக் கிண்ணம் காலியாவதும் நிரம்புவதுமாக இருந்தது.

ஒரு நாள் கூட்டம் போனபின், இந்த மோசடி போதும் என்று அந்தக் கிண்ணத்தைத் தொட்டியில் கவிழ்த்துக் கழுவினாள். அப்போது ஜோல்தோஷ் தொலைபேசியில் வந்தார். அவருடைய கிண்ணத்தை மனைவி கழுவி விருந்தாளிக்குத் தேநீர் கொடுத்துவிட்டாளாம். மற்றவர்களுடையதும் செத்துப்போச்சாம்.

"உன்னோடதுதாம்மா மிச்சம். நாளைக்கு மேலிடத்துலேருந்து பார்வையிட வராங்க. எடுத்துட்டு வந்துடு."

"அங்க சூடு வந்துடுச்சா அகாய்?" என்று தலைவரைக் கேட்டாள்.

"அவங்க பாத்துட்டுப் போனப்புறம் வரும்."

"சரி அகாய்."

லென்ஸை எடுத்துக்கொண்டு மிச்சமிருந்த கிண்ணத்தின்மேல் குனிந்தாள். நாலு அரிசி. வேறெதுவும் இல்லை. கழுவித் தள்ளியது எதை என்று அப்போது புரிந்தது.

அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். சல்கின் வாசலில் நின்று பார்த்தார். ஒரு கரண்டியை எடுத்து, மாடிக்கு மாடி இறங்கும் வெந்நீர்க் குழாயில் டங் டங்கென்று தட்டினார்.

கீழே கதவுகள் திறந்தன. துர்சுனாய் முதலில் வந்தாள். பின்னால் பல்வலி, தலைசுற்றல், ஓட்டுநர் உரிமம். ஒவ்வொருவர் கையிலும் தட்டு போட்டு மூடிய ஒரு கிண்ணம்.

பெகிமாய் ஒரு கிண்ணத்தின்மேல் லென்ஸை வைத்துப் பார்த்தாள். ஒற்றை அரிசியைச் சுற்றி வெள்ளைப் புள்ளிகள். எல்லாம் உயிரோடு.

"உங்க முழங்கால்..." என்றாள்.

"முழங்காலுக்கு என்ன கேடு? கிண்ணத்தைப் பாக்கத்தான் வந்தோம்," என்றாள் துர்சுனாய். "நீ விட்டுட்டுப் போன லென்ஸுல உங்க மாமியா, சூடும் ஆகாது குளிரும் ஆகாதுன்னு நீ சொன்ன அன்னைக்கே பாத்துட்டாங்க. 'எம் மருமகளோட மந்தை உள்ள மேயுது, சொல்லத்தான் வெக்கப்படறா, நீங்களும் மசார் தண்ணின்னே சொல்லுங்க. கடுங்குளிர்ல ஒரே பட்டியில விட்டா மொத்தமும் போயிரும், வீட்டுக்குக் கொஞ்சமா வெச்சு மேய்ங்க'ன்னு எங்க எல்லாருக்கும் பிரிச்சுக் குடுத்துட்டாங்க."

சல்கின் அடுப்பில் கெட்டிலை வைப்பதில் மும்முரமாக இருந்தார்.

தொலைபேசி மறுபடி அடித்தது. ஜோல்தோஷ். காலையில் சீக்கிரம் வரச் சொன்னார்.

படியேறிய குலுக்கலில் உருண்டு சுருண்டிருந்த ஒன்று, லென்ஸுக்கு அடியில், தனக்கு வேண்டிய பக்கமாக மெல்லக் கால் நீட்டிக்கொண்டிருந்தது.

"இல்ல அகாய்," என்றாள் பெகிமாய். "அங்க குளிரா இருக்கு."