உன் அப்பா ஏரியை அளந்த வரலாறு

என் ஒரே அக்காவின் ஒரே மகளும், மூன்று வயதிலேயே "மாமா புளுகறாரு" என்று நிறைந்த சபையில் அறிவித்தவளுமாகிய அருமை மருமகளுக்கு, வெந்நீர் வாளிக்குள் இரண்டு கால்களையும் விட்டுக்கொண்டு உன் தாய்மாமன் எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தையும் நலம். என் முட்டிகள் நலமில்லை. அவற்றின் சார்பாகவும் நானே எழுதுகிறேன். உன் நலத்தையும், கையெழுத்துப் போடாமல் மேசை டிராயரில் நீ பூட்டி வைத்திருக்கும் அந்த வேலை ஒப்பந்தத் தாளின் நலத்தையும் அறிய ஆவல்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் மூச்சு விடுவதற்குள் "மாமா, போதும்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிச் செய்ய முடியாது. தூக்கி எறிந்தாலும் சாயங்காலம் போய் எடுத்துப் படிப்பாய், எனக்குத் தெரியும். ஆகவே முதலிலேயே சத்தியம் செய்து சொல்லிவிடுகிறேன்: கீழே நான் எழுதப்போவதை இந்தப் பூமியில் ஒரு ஜீவனும் நம்பப்போவதில்லை. எழுதும்போது எனக்கே இரண்டு இடத்தில் சந்தேகம் வந்தது.

நீ உன் கடிதத்தில் கேட்டது ஒன்றே ஒன்று. "அம்மா போய் எட்டு மாசம் ஆச்சு மாமா. அப்பா யார்கிட்டயாவது பேசறாரா? நான் போன் பண்ணா 'ம்'ங்கறாரு, 'சரி'ங்கறாரு, வச்சிடறாரு. இப்படியே இருந்தா எனக்கு இந்த வேலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், கிளம்பி வந்துடறேன். மாசக் கடைசிக்குள்ள கையெழுத்துப் போடணும். ஞாயித்துக்கிழமை அவரை எங்கயாவது வெளியில கூட்டிட்டுப் போயிட்டு வந்து, உள்ளதை உள்ளபடி எழுதுங்க. இந்த ஒரு தடவை மட்டும் புளுகாதீங்க." கடைசி வரியை இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தாய். பேனா தாளைக் கிழித்திருந்தது. ஒரு தாய்மாமனுக்கு இதைவிட அவமானம் வேறு உண்டா, சொல்லு.

சரி, கூட்டிக்கொண்டு போனேன். நகரத்தின் கடைசி பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஏரியும் பூங்காவுமாக ஒன்று இருக்கிறதே, அங்கே. ஏரியைச் சுற்றி நடைபாதை, மரத்துக்கு மரம் பெஞ்சு, படகு, வாத்து, காற்று, எல்லாம் உண்டு. ஆரோக்கியம் வேண்டுமென்று ஜனங்கள் விடிந்ததும் போய் மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறார்கள். நான் நாற்பது வருஷம் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவன் என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். மேலே போவேன், கீழே வருவேன். முன்னால் நடப்பது என்பது எனக்குத் தொழில்முறையில் பழக்கமில்லாத திசை. ஆனாலும் உனக்காக, அத்தை பொட்டலம் கட்டிக் கொடுத்த ரொட்டியையும் பிளாஸ்கையும் தோளில் மாட்டிக்கொண்டு அத்தானைக் கிளப்பினேன். பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். நான் பேசினேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். பின் சீட்டில் இருந்த அம்மாள் இரக்கப்பட்டு, "அவருக்குக் காது கேக்காதாங்க?" என்றார். "கேக்கும், அதான் கஷ்டமே" என்றேன்.

பூங்கா வாசலில் ஒரு பலகை. "ஏரி நடைபாதை, சுற்றளவு மூன்று கிலோமீட்டர்." அதன் முன்னால் உன் அப்பா நின்றார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். ஏரியைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். பிறகு, எட்டு மாதத்தில் எனக்குத் தெரிந்து முதல் முழு வாக்கியம்: "இது பொய் சொல்லுது." எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அடுத்து, "மூணு கிலோமீட்டர்னா நாலாயிரம் தப்படி வரணும். வராது. பார்க்கலாம், வா." அவ்வளவுதான், வாயை மூடிக்கொண்டு எண்ண ஆரம்பித்துவிட்டார்.

உன் அப்பா தப்படி போட்டு அளப்பது உனக்குத் தெரியாததல்ல. முப்பத்திரண்டு வருஷம் நில அளவையர். அவர் ஒரு தப்படி வைத்தால் முக்கால் மீட்டர், ஒரு விரல் கூடாது, ஒரு விரல் குறையாது. ஆனால் எண்ணும்போது பக்கத்தில் யாரும் பேசக்கூடாது. பேசினால் எண்ணிக்கை போச்சு. போனால் ஆரம்பித்த இடத்துக்கே திரும்பிப் போய் ஒன்றிலிருந்து தொடங்குவார். இதற்குப் பயந்துதான் என் அக்கா எங்கே போனாலும் வழியில் தெரிகிற முதல் நல்ல பெஞ்சில் உட்கார்ந்துவிடுவாள். "நீங்க எண்ணிட்டு வாங்க, நான் இங்கயே இருக்கேன்." புத்திசாலி. அந்தப் புத்தி குடும்பத்தில் எனக்கு வரவில்லை. மருமகளே, பேசாத மனுஷனைப் பேசவைக்கப் போன இடத்தில், பேசாமல் இருக்கவேண்டிய வேலை எனக்கு வந்து சேர்ந்தது. என் நிலைமையை நினைத்துப் பார்.

இருநூற்றுச் சொச்சம் தப்படியில், "அத்தான், கொக்கு!" என்று சொல்லிவிட்டேன். கொக்கு நிஜமாகவே நின்றது, அதன் தப்பு. அவர் என்னைப் பார்த்தார். திட்டவில்லை. திரும்பி வாசலை நோக்கி நடந்தார். மறுபடி ஒன்று. முந்நூற்றுச் சொச்சத்தில் உன் அத்தை போன் செய்து, "குடை எடுத்தீங்களா?" என்றாள். "எடுக்கலை" என்றேன். ஒரே ஒரு வார்த்தை! திரும்பினார். மறுபடி ஒன்று. எதிரே ஓடிவந்த ஒருவர் "வணக்கம் சார்" என்றார். மரியாதை தெரிந்த குடும்பத்தில் பிறந்தவன் என்ன செய்வேன்? மறுபடி வாசல். இப்படி ஏழு தடவை. ஏழாவது தடவை வாசல் காவலாளி நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "ஏங்க, நீங்க ரெண்டு பேரும் உள்ள போறீங்களா, வெளிய வர்றீங்களா? ஏதாச்சும் ஒண்ணு பண்ணுங்க சார், எனக்குத் தலை சுத்துது." நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். உன் அப்பா ஒரு விரலை உயர்த்தினார். மூடிக்கொண்டேன். கைக்குட்டையை எடுத்து வாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன். காவலாளி யாருக்கோ போன் போடப் போனார்.

அந்த எட்டாவது முயற்சியில்தான் சோதனைகள் படையெடுத்து வந்தன. முதலில் ஒரு சைக்கிள் என் மேல் ஏறியது. ஏறியது என்றால் இடது தோளில் ஏறி, தலை வழியாகப் போய், வலது தோளில் இறங்கியது. நான் "ஆ" என்று சொல்லவில்லை. சொன்னால் எண்ணிக்கை போய்விடும். அடுத்து ஏரியிலிருந்து ஒரு வாத்து எழுந்து வந்தது. அதை வாத்து என்பது மரியாதைக்காக. லிப்ட் பெட்டிக்குள் அடைத்தால் கதவு மூடாது. அது என் பேண்டைக் கவ்விக்கொண்டு ஏரிக்கு இழுத்தது. நான் மரத்தைப் பிடித்தேன். மரம் வேரோடு வந்தது. அத்தானைக் கூப்பிடலாம், பத்தடி முன்னால்தான் போகிறார், உதடு அசைகிறது, திரும்பிப் பார்க்கவில்லை. கூப்பிட்டால் மறுபடி வாசலிலிருந்து நடக்கவேண்டும். என் முட்டிகளைக் கலந்தாலோசித்தேன். "வாத்தோடயே போயிடலாம்" என்றன. தண்ணீருக்குள் போனேன். அடியில் ஏழெட்டு மீன்கள் என்னிடம் ஏதோ விசாரித்தன. அவற்றுக்கும் பதில் சொல்லவில்லை. கடைசியில் ஒரு மிதிபடகைப் பிடித்து ஏறினால், அது இரண்டு பேர் மிதிக்கவேண்டிய படகு, நான் ஒருவன் மிதிக்க அது நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றியது. நூற்றுப் பதினாறு சுற்று. கரையில் வட்டமாக நின்று கையைத் தூக்கிச் சிரித்துப் பயிற்சி செய்துகொண்டிருந்த கூட்டம் ஒன்று, அன்றைக்குத்தான் முதல் முறையாகக் காரணத்தோடு சிரித்தது. அப்படிச் சுழன்ற வேகத்தில் படகு கரைக்கு எகிற, நான் பறந்து வந்து சரியாக உன் அப்பாவின் பின்னால், பத்தடி தள்ளி, கைக்குட்டை அவிழாமல் விழுந்தேன். எழுந்தேன். நடந்தேன். ஒரு வார்த்தை? ம்ஹூம்.

இந்தத் தியாகத்துக்குப் பலன் இல்லாமல் போகுமா? ஒன்பது லட்சத்து எத்தனையோ தப்படியில் உன் அப்பா நின்றார். ஒரு பெஞ்சின் மேல் ஏறினார். பேசினார் பார், இரண்டரை மணி நேரம்! ஓடினவர்கள் நின்றார்கள், நின்றவர்கள் உட்கார்ந்தார்கள், ஐஸ்கிரீம்காரருக்குச் சரக்கெல்லாம் உருகி ஓடியதுகூடத் தெரியவில்லை. அந்தச் சிரிப்புக் கூட்டம் அழுதது. பிறகு அவரையே ஆயுள் தலைவராக்கிவிட்டது. இப்போது அவர் பேச்சை நிறுத்தத்தான் வழி தேடிக்கொண்டிருக்கிறோம். எனவே நீ ஒரு கவலையும் இல்லாமல் டிராயரைத் திறந்து, தாளை எடுத்து, கையெழுத்தைப் போடு.

எனக்குக் கண்ணைச் சுற்றுகிறது, உடம்பில் எல்லா மூட்டும் தனித்தனியாகப் பேர் சொல்லி வலிக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, மேலதிகாரி கண்ணில் விரல் விட்டு ஆட்டி, நூறு வயது வரை என் கடிதங்களைப் படித்துக்கொண்டு நலமாக இருக்க ஆசீர்வதிக்கிறேன். இந்த ஆசீர்வாதம் மட்டும் கலப்படமில்லாதது.

இப்படிக்கு,
தண்ணீரில் மூழ்கியும் வாய் திறவாத
உன் தாய்மாமன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் உன் அத்தை வந்து பிடுங்கிப் படித்துவிட்டாள். படிக்கப் படிக்க முகம் போன போக்கு சரியில்லை. "முதல்ல அந்த வெந்நீர் வாளி எங்க இருக்கு? காலு காஞ்சு கிடக்கு" என்றாள். வாளி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். "அந்தப் பொண்ணு வேலையை விட்டுட்டு வர்றதா வேண்டாமான்னு இதைப் படிச்சுத்தான் முடிவு பண்ணப்போறா. நீங்க வாத்துமேல சவாரி போயிட்டிருக்கீங்க. இவ்வளவு பொய்க்கு நடுவுல ஒரு நிஜம் இருந்தா அவ எப்படிங்க கண்டுபிடிப்பா?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. நாற்பது வருஷத்தில் இதுதான் முதல் தடவை என்று அவள் காலண்டரில் குறித்துக்கொண்டாள்.

ஆகவே: வாத்து என் முட்டி உயரம்கூட இல்லை, அது துரத்தியது என்னை அல்ல, ரொட்டியை. சைக்கிள்காரர் மணியடித்துவிட்டு ஒதுங்கிப் போனார். மிதிபடகுகள் சங்கிலி போட்டுப் பூட்டிக் கிடந்தன. வாசலுக்குத் திரும்பியது ஏழு தடவை அல்ல, மூன்று. கைக்குட்டை கட்டவில்லை, சும்மாவே வாயை மூடிக்கொண்டேன், அதுவே எனக்குப் பெரிய காரியம். சிரிப்புக் கூட்டம் இருந்தது, யாரையும் தலைவராக்கவில்லை. உன் அப்பா பெஞ்சின் மேல் ஏறவில்லை. இரண்டரை மணி நேரமெல்லாம் பேசவில்லை.

நடந்தது இது. ஒரு வளைவில், தண்ணீரைப் பார்த்த மாதிரி, நல்ல நிழலில் ஒரு பெஞ்சு. நான் மூச்சுக்கூட மெதுவாகத்தான் விட்டுக்கொண்டு வந்தேன். அவராகவே நின்றார். "ஆயிரத்து நானூத்திப் பன்னெண்டு" என்று வாய்விட்டுச் சொன்னார். அப்புறம், "உங்க அக்கா இருந்தா இங்கயே உக்காந்திருப்பா, மாப்ளே" என்றார்.

உட்கார்ந்தோம். பிளாஸ்கைத் திறந்து ஊற்றிக் கொடுத்தேன். குடித்தார். நான் எதுவும் சொல்லவில்லை, நம்பு. ரொம்ப நேரம் கழித்து எழுந்தார். எண்ணிக்கைதான் போயிற்றே என்று நான் பழக்கத்தில் வாசல் பக்கம் திரும்பினேன். "எங்க போற?" என்றார். "மறுபடியும் முதல்லேருந்தா? முடியாதுப்பா. இப்படியே வா." கை வீசிக்கொண்டு முன்னால் நடந்தார். உதடு அசையவில்லை. மீதி ஏரியை எண்ணாமலே சுற்றி வந்தோம். அந்தப் பலகை சொன்னது மெய்யா பொய்யா என்று இன்று வரைக்கும் தெரியாது. பஸ் ஏறும்போது "அடுத்த ஞாயிறு குடை எடுத்துக்கோ" என்றார்.

இவ்வளவுதான், மருமகளே. நீ கேட்டதற்கு இது போதுமா போதாதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என்னை நம்பவும் வேண்டாம். இன்றைக்குப் போன் பண்ணி, "ஏரியில எத்தனையில விட்டீங்கப்பா?" என்று அவரையே கேள். நான் மேலே எழுதியிருக்கும் அதே எண்ணைச் சொன்னால் கையெழுத்துப் போடு. உன் அப்பாவுக்கு எண்களில் பொய் சொல்ல வராது.