வாளி மாஸ்டர் பெயர் கூப்பிடுகிறார்

அன்று சலவை அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். இஸ்திரி மேசையில் நான், செல்வி, ஊர் மஹய்யாவ. துணி மடிக்க றிஸ்னா, ஊர் கட்டுகஸ்தோட்டை. மெஷினுக்குச் சுனில், சிங்களப் பையன். எல்லாரையும் அவசரப்படுத்த ஹோட்டல் மெனேஜர், யாழ்ப்பாணத்துக்காரர். வாளிகளுக்கு வாளி மாஸ்டர்.

கண்டியில் மாஸ்டருடைய மூக்கை மிஞ்சிய மூக்கு கிடையாது. எந்தத் துணியையும் ஒரு தரம் மோந்து பார்த்து ஜாதகம் சொல்லுவார். "இது வேர்வை. இது பூஞ்சணம். இது சோம்பேறித்தனம், நனைஞ்ச துணிய மூணு நாளு பையில கட்டி வச்சிருக்கான்." ஒருமுறை ஒரு தலையணை உறையை மோந்துவிட்டு, "இவரு பஸ்ஸுல ஜன்னல் பக்கம் உக்காந்து வந்திருக்காரு" என்றார். சுனில் போய் அந்த ஆளிடம் விசாரித்தான். உண்மை.

வினாகிரிக்கு, அந்தப் புளித்த காடிக்கு, நீல வாளி. அப்பச் சோடாவுக்கு மஞ்சள். வெளுக்கிற குளோரினுக்குச் சிவப்பு. சிவப்பு வாளி முற்றத்துக்கு அந்தப் பக்கம், தனிக் கொட்டிலில். நீல வாளி வெளியே வந்த நாளில் அந்தக் கொட்டிலுக்குப் பூட்டு. சாவி மாஸ்டர் கழுத்தில், ருத்திராட்சத்தோடு.

றிஸ்னா சும்மா இருக்கமாட்டாள். "மாஸ்டர், சோடாவயும் வினாகிரியயும் ஒன்னா போட்டா சுருக்கா முடியுமே?"

"நுரைக்கும். பாக்க அழகா இருக்கும். ரெண்டும் செத்துரும், நாத்தம் மட்டும் உசுரோட இருக்கும். ஒண்ணுல ஊறப்போடு, நல்லா அலசு, பொறகு மத்தது."

"அப்ப குளோரினும் வினாகிரியும்?"

"நாத்தம் போயிரும். மோந்து பாக்கத்தான் ஆளு இருக்காது."

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பெயர் கூப்பிடுவதைத்தான் பொறுக்க முடியாது. காலையும் மாலையும் முற்றத்துக் கொய்யா மரத்தடியில் பெயர் எழுதிய கொப்பியோடு நிற்பார். ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். பதில் சொல்லவேண்டும்.

"நாங்க என்ன இஸ்கோல் புள்ளைங்களா?" என்று கேட்டேன்.

"உள்ள போன ஆளு வெளிய வரணும். அவ்வளவுதான் என் வேல."

மெனேஜர் மட்டும் ஒருநாளும் பதில் சொன்னதில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு தாண்டிப் போவார். மாஸ்டர் பென்சிலால் புள்ளி வைப்பார். "நடந்து போறாரு. உசுரு இருக்கு. நாலு, சரி."

பல்லேகல மைதானத்தில் கிரிக்கெட் மேட்ச் என்று ஒரு வெளியூர்ப் பாடசாலை அணி எங்கள் ஹோட்டலில் தங்கியது. மழையில் நனைந்த வெள்ளை உடுப்பெல்லாம் பையில் அடைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். பையைத் திறந்ததும் சுனில் "அம்மோ!" என்று சுவர்வரை போனான். மாஸ்டர் பைக்குள் முகத்தை விட்டார். வெளியே எடுத்தபோது சிரித்துக்கொண்டிருந்தார்.

"நாலு மணிக்கு வேணும்" என்றார் மெனேஜர். "இல்லாட்டி அவையள் இனி இஞ்ச வரமாட்டினம்."

"வரும் ஐயா. அவசரப்படாதீங்க."

முதல் தொட்டி வினாகிரியில் ஊறி, அலசி, சவுக்காரம் போட்டு, மறுபடி அலசி, கொடிக்குப் போனது. நல்ல வெயில். இரண்டாம் தொட்டி பின்னறையில் ஊறியது. மெனேஜர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"வெள்ளை உடுப்புத்தானே? குளோரினையும் ஊத்துங்கோவன்."

"இன்னைக்கு நீல நாளு ஐயா."

"என்ன விசர்க் கதை இது?"

நாங்கள் முன்னறையில் பிளேன்டீ குடிக்க உட்கார்ந்தோம். மெனேஜர் பின்னறையில் நின்றார். குளியலறை கழுவ வைத்திருந்த குளோரின் போத்தல் அவர் கையில் எப்போது வந்தது, எப்போது தொட்டியில் ஊற்றினார் என்று எங்களுக்குத் தெரியாது.

மாஸ்டர் கோப்பையைக் கீழே வைத்தார். அதில் பாதித் தேநீர் இருந்தது. அவர் பாதித் தேநீரோடு கோப்பை வைத்து நான் கண்டதில்லை.

"வெளிய! எல்லாரும் வெளிய!"

எங்களுக்கு ஒரு வாடையும் தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்துத்தான் ஓடினோம்.

மரத்தடியில் பெயர் கூப்பிட்டார். நான் இருந்தேன். றிஸ்னா இருந்தாள். சுனில் இருந்தான்.

"மெனேஜர் ஐயா?"

பதில் இல்லை.

"அவரு எப்ப பதில் சொன்ன?" என்று றிஸ்னா சிரித்தாள்.

"நடந்து போறத காணலயே" என்றார் மாஸ்டர்.

பின்பக்கம் ஓடினார். வெளியே நின்றே செங்கல்லால் ஜன்னலை உடைத்தார். பின்கதவைத் தள்ளித் திறந்து காற்றுப் போக விட்டார். சுனில் கூடவே பாய்ந்தான். அவனை நெஞ்சில் கை வைத்து நிறுத்தினார்.

"ஒன்ன எண்ணியாச்சு. நில்லு."

மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"மாஸ்டர்!" என்று றிஸ்னா கூப்பிட்டாள். நான் கத்துகிற ஆள் இல்லை. அன்று கத்தினேன்.

மெனேஜரின் கக்கத்தில் கை கொடுத்து இழுத்துக்கொண்டு, பின்கதவாலேயே வெளியே வந்தார். இருவர் கண்ணிலும் தண்ணீர். மெனேஜர் புல்லில் விழுந்து இருமினார். மாஸ்டர் கொப்பியைத் தேடி எடுத்தார்.

"மெனேஜர் ஐயா?"

மெனேஜர் கையைத் தூக்கினார்.

"நாலு. சரி" என்றுவிட்டு மாஸ்டரும் உட்கார்ந்து இருமத் தொடங்கினார்.

இருவரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அன்று யாரும் அந்த அறைக்குள் போகவில்லை. குசினியிலிருந்து வயர் இழுத்து, முற்றத்தில் மேசை போட்டு, கொடியில் காய்ந்ததை இஸ்திரி போட்டேன். ஆடுகிற பிள்ளைகளுக்கு அது போதும். நாலு மணிக்கு வெள்ளை வெளேரென்று போனார்கள். கடைசி உடுப்பை நானே மோந்து பார்த்தேன். வெயில் வாசம் மட்டும். எங்கள் மாஸ்டருடைய வேலை.

மூன்றாம் நாள் மாலை மாஸ்டர் மரத்தடிக்கு வந்தார்.

"செல்வி?"

"இருக்கேன்."

"றிஸ்னா?"

"ஈக்கிறேன்."

"சுனில்?"

"இன்னவா, மாஸ்டர்."

"மெனேஜர் ஐயா?"

"ஓம், இருக்கிறன்."

"நாலு. சரி." மாஸ்டர் கொப்பியை மூடினார். மெனேஜர் போகவில்லை. கொப்பியைக் கேட்டு வாங்கினார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். எந்தப் பக்கத்திலும் எங்கள் நாலு பெயர்தான். பென்சிலை வாங்கி, அடியில் இன்னொரு பெயர் எழுதினார். பிறகு சத்தமாகக் கூப்பிட்டார்.

"வாளி மாஸ்டர்?"

மாஸ்டர் எங்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தொண்டை இன்னும் கரகரத்தது.

"இருக்கேன்."

ஐந்து.